மரபணுவைப் பார்த்து விலை சொல்லும் காப்பீட்டு மூலதனம்

2004 டிசம்பர் 26 காலையில் கார் நிக்கோபாரையும் கச்சாலையும் தாக்கிய ஆழிப்பேரலை யாருடைய மருத்துவ அறிக்கையையும் கேட்கவில்லை. இதயம் வலுத்தவரும் இதயம் பழுதானவரும், விமானப்படைத் தளத்து வீரரும் தென்னந்தோப்பு நிக்கோபாரியும், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே அலையின் முன் நின்றனர். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர் என்பது அரசுக் கணக்கு. பெரும்பாலோரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

காணாமற்போன ஒருவர் இறந்துவிட்டதாகக் கருதப்பட ஏழு ஆண்டுகள் கழிய வேண்டும் என்றது அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு. அந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டது. நிர்வாகம் விசாரணை நடத்தி இறப்புச் சான்றிதழ் வழங்கியது. பொதுத்துறை நிறுவனமான எல்ஐசி தன் வழக்கமான நடைமுறைகளைத் தளர்த்திக்கொண்டு பாலிசிதாரர்களின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. தஞ்சையிலும் கான்பூரிலும் கவுகாத்தியிலும் பிரீமியம் கட்டியவர்களின் சிறுசேமிப்பு, அவர்கள் ஒருபோதும் காணாத ஒரு தீவின் விதவைக்குச் சென்று சேர்ந்தது. ஆயுள் காப்பீடு என்பதன் பொருள் இதுதான். யாருக்கு எப்போது நேரும் என்று எவருக்கும் தெரியாத ஓர் இழப்பை எல்லோரும் சேர்ந்து சுமப்பது.

இன்று மருத்துவ அறிவியல் அந்த “எவருக்கும் தெரியாது” என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவருகிறது. ஒருவருடைய சில துளி ரத்தத்திலிருந்தோ உமிழ்நீரிலிருந்தோ அவரது மரபணுத் தொகுதியைப் படித்து, எந்த நோய்க்கு அவருக்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்ல முடிகிறது. இது மனிதகுலத்தின் மாபெரும் சாதனை. ஆனால் அந்த அறிவு யார் கையில் சேர்கிறது, எதற்காக வாசிக்கப்படுகிறது என்பதே கேள்வி. மருத்துவர் வாசித்தால் அது சிகிச்சை. லாபத்துக்காக இயங்கும் காப்பீட்டு நிறுவனம் வாசித்தால் அது விலைப்பட்டியல். இந்திய உழைக்கும் மக்களுக்கும் அந்த விலைப்பட்டியலுக்கும் இடையே இன்று ஆயுள் காப்பீட்டைப் பொறுத்தவரை ஒரு சட்டம் கூடக் குறுக்கே நிற்கவில்லை.

“தரம் குறைந்த உயிர்கள்”

மனிதர்களைத் தரம் பிரித்து விலை வைப்பது காப்பீட்டு மூலதனத்தின் பிறவிக் குணம். 1818இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஐரோப்பியர்களுக்கானது. பின்னர் இந்தியர்களைச் சேர்த்துக்கொண்ட வெள்ளை நிறுவனங்கள் இந்திய உயிர்களைத் தரம் குறைந்த உயிர்களாக வகைப்படுத்திக் கூடுதல் பிரீமியம் வசூலித்தன. பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் உண்டாக்கிய ஆட்சியே, அவற்றால் குறைந்த ஆயுளைக் காட்டி, அதே மக்களிடம் அதிக விலை கேட்டது. 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கம்தான் இந்திய உயிர்களுக்குச் சாதாரண விகிதத்தில் காப்பீடு அளித்த முதல் இந்திய நிறுவனம். மோசடிகளும் திவால்களும் மலிந்திருந்த தனியார் சந்தையை முடித்துவைத்து, 245 நிறுவனங்களை ஒன்றிணைத்து, வெறும் 5 கோடி ரூபாய் அரசு மூலதனத்துடன் 1956 செப்டம்பர் 1 அன்று எல்ஐசி உருவானது. காப்பீடு ஐரோப்பியரின் சலுகையாக இருந்த நாட்டில் அது கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் வீட்டுக்கும் ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்கும் சென்றது இப்படித்தான்.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் கொடூரமாக நடந்தது. புருடென்ஷியல் நிறுவனம் 1881 முதல், அதே பிரீமியம் கட்டும் கறுப்பினத் தொழிலாளிக்கு வெள்ளையரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான தொகையே தருவதென்று வைத்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் புள்ளியியலாளர் பிரெடெரிக் ஹாஃப்மன் 1896இல் ஒரு தடித்த நூலையே எழுதினார். கறுப்பின மக்களின் அதிக இறப்பு அவர்களுடைய இனத்தின் உள்ளார்ந்த இயல்பிலிருந்து வருகிறது, எனவே அவர்களுக்குக் காப்பீடு அளிப்பது வீண் என்பது அதன் சாரம். அடிமைமுறையின் தழும்பும் சேரிக் குடியிருப்பும் பட்டினியும் அவருடைய அட்டவணைகளில் இடம்பெறவில்லை. டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் அந்த வாதத்தின் பொய்யை அப்போதே அம்பலப்படுத்தினார். ஆயினும் காப்பீட்டுத் தொழில் பல பத்தாண்டுகள் ஹாஃப்மனின் பக்கமே நின்றது. காரணம் எளிது. அவருடைய முடிவு லாபகரமாக இருந்தது.

தீவுகளின் ரத்தம்

இந்த வரலாற்றை அந்தமானில் வைத்துப் பார்ப்பது அவசியம். உடலை அளந்து மனிதரை வகைப்படுத்தும் வேலைக்கு இத்தீவுகளைப் போல ஆளான இடம் இந்தியாவில் அரிது. 1858இல் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபோது கிரேட் அந்தமானியர் ஐயாயிரம் பேருக்குக் குறையாமல் இருந்தனர் என்பது மதிப்பீடு. 1890களில் எம்.வி. போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவர்களை நிற்கவைத்து, தலை முதல் கால் வரை அளந்து, புகைப்படம் எடுத்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அளக்கப்பட்ட மக்கள் அப்போதே மடிந்துகொண்டிருந்தனர். 1877இல் தட்டம்மை. அதற்கு முன்னும் பின்னும் மேகநோயும் காய்ச்சலும். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் 625 பேர். 1961இல் 19 பேர்.

1901இல் ஒரு காப்பீட்டுக் கணிப்பாளர் இந்த எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ‘குறை ஆயுள் இனம், ஏற்கத் தகாதது’ என்றுதான். ஆனால் அம்மக்களைக் கொன்றது அவர்களுடைய மரபணுவா? பல்லாயிரம் ஆண்டுகள் அக்காட்டில் அவர்களை வாழவைத்த அதே மரபணுதான் அது. அவர்களைக் கொன்றது காலனி ஆட்சியும், அது கொண்டுவந்து இறக்கிய நோய்களும், பிடுங்கிக்கொண்ட நிலமும். உடலில் காணப்படும் ஒன்றைக் காரணமாக்கி, சமூகம் செய்த கொலையை மறைக்கும் தந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அளவுகோலின் இடத்துக்கு மரபணு ஆய்வு வந்தது. ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர்கள் கே. தங்கராஜும் லால்ஜி சிங்கும் அவர்களது குழுவினரும் ஓங்கே, கிரேட் அந்தமானிய மக்களின் மரபணுவை ஆராய்ந்து 2003இலும் 2005இலும் முடிவுகளை வெளியிட்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஆதி மனிதர்களின் மிகப் பழைய கிளை ஒன்று இத்தீவுகளில் நெடுங்காலம் தனித்து வாழ்ந்திருக்கிறது என்பதை அவை உலகுக்கு உணர்த்தின. போர்ட்மனின் அளவுகோலையும் இந்த ஆய்வையும் ஒன்றாக வைப்பது அநீதி. இது பொதுப்பணத்தில் நடந்த உயர்ந்த அறிவியல். இன மேன்மைவாதத்துக்கு எதிராக, மனிதகுலம் ஒன்றே என்பதற்கு அது வலுச்சேர்த்தது.

அதே போல, 1983 முதல் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள நகரம்) இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம், தீவுப் பழங்குடிகளிடையே ஹெபடைட்டிஸ்-பி கிருமித்தொற்று மிக அதிகம் என்பதைக் கண்டறிந்தது. அக்கண்டுபிடிப்பைத் தொடர்ந்து கார் நிக்கோபாரில் தடுப்பூசி போடப்பட்டது. அறிவு மருத்துவமனைக்குள் சென்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

அதே அறிவு காப்பீட்டு அலுவலகத்துக்குள் சென்றால்? தனிநபர் எவரையும் சோதிக்கத் தேவையே இல்லை. விண்ணப்பத்தில் ஊர் கார் நிக்கோபார் என்று இருந்தால் போதும். பெயரைப் பார்த்தால் போதும். ஒரு சமூகத்தைப் பற்றிய தரவு கையில் இருக்கும்போது, அச்சமூகத்தில் பிறந்த ஒவ்வொருவரும் சோதிக்கப்படாமலே தீர்ப்பு எழுதப்பட்டவர் ஆகிறார். அறிவியலுக்காக ரத்தம் கொடுத்த மக்களுக்கு, அந்த ரத்தத்திலிருந்து பெறப்பட்ட தகவல் அவர்களுக்கே எதிராகத் திரும்பாது என்ற சட்ட உத்தரவாதத்தை இந்தியக் குடியரசு இன்றுவரை கொடுக்கவில்லை.

நூற்றில் நான்கு பேர்

இது தொலைதூரத் தீவில் வாழும் சிலரைப் பற்றிய கவலை மட்டும் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். அந்தமான் ஆய்வில் பங்கேற்ற அதே தங்கராஜும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியும் பிற அறிவியலாளர்களும் 2009இல் மற்றொரு முக்கியமான முடிவை வெளியிட்டனர். இதயத் தசையின் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம் காணப்படுகிறது. அதைக் கொண்டவர்களுக்கு நடுவயதுக்குப் பின் இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு கணிசமாக அதிகம். நூற்றுக்கு நான்கு என்றால் இந்தியாவில் 5 கோடிக்கும் அதிகமானோர். மதுரையில் பேருந்து ஓட்டுபவரும் ஹட் பே துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் அதில் இருக்கலாம். அவர்களில் பலர் முதுமை வரை எந்தச் சிக்கலும் இன்றி வாழ்வார்கள் என்பதும் அறிவியல் சொல்வதுதான்.

இதயத் தசை நோய்தான் இந்தியாவில் மரபணுக் காப்பீட்டு வழக்குக்கும் காரணமானது என்பது தற்செயல் அல்ல. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்த ஒருவர், இதயத் தசை தடித்துப்போகும் நோய்க்காகச் சிகிச்சை பெற்றார். அவரது முந்தைய சிகிச்சைகளுக்குப் பணம் தந்திருந்த நிறுவனம், 2011இல் அவர் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தபோது கையை விரித்தது. பாலிசியில் ‘மரபணுக் கோளாறுகள்’ விலக்கப்பட்டுள்ளன என்பது அது சொன்ன காரணம். வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2018 பிப்ரவரி 26 அன்று நீதிபதி பிரதீபா எம். சிங் அளித்த தீர்ப்பு, ‘மரபணுக் கோளாறு’ என்ற விலக்கு மிகப் பரந்தது, தெளிவற்றது, பாகுபாடானது, அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு முரணானது என்று கூறியது. நலவாழ்வுக்கான உரிமையில் காப்பீட்டைப் பெறும் உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் அடிநாதம்.

தொடர்ந்து மார்ச் மாதத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மருத்துவக் காப்பீடுகளில் மரபணுக் கோளாறுகளை விலக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. நிறுவனமோ உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. அந்த விலக்கு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்ற பகுதிக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. ஆக, மிஞ்சியது ஒரு சுற்றறிக்கை. அதுவும் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும். குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால் அக்குடும்பத்தின் ஒரே பற்றுக்கோடாகும் ஆயுள் காப்பீடு இந்தப் பாதுகாப்பின் வெளியே நிற்கிறது.

பொதுத்துறை நிறுவனமே இப்படி வாதாடியதே என்று கேட்கலாம். ஆம், அதுவே பாடம். பொதுத்துறையைத் தனியாரோடு போட்டியிட வைத்து, லாபக் கணக்கை மட்டுமே அதன் அளவுகோலாக்கும் கொள்கை, பெயர்ப்பலகையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மாற்றிவிடுகிறது. பொதுத்துறையைக் காப்பது என்பது அதன் சமூக நோக்கத்தைக் காப்பதும்தான்.

“தெரிந்தும் மறைத்தார்”

ஆயுள் காப்பீட்டில் இந்த அநீதி எப்படி வேலை செய்யும்? காப்பீட்டு ஒப்பந்தம் முழு நன்னம்பிக்கையின் மேல் நிற்பது என்பது சட்டக் கோட்பாடு. விண்ணப்பதாரர் தனக்குத் தெரிந்த முக்கியமான உடல்நல விவரங்கள் அனைத்தையும் சொல்லியாக வேண்டும். பெற்றோரும் உடன்பிறந்தோரும் எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்ற கேள்வி விண்ணப்பத்தில் நெடுங்காலமாகவே உண்டு. மரபணுவை மறைமுகமாகப் படிக்கும் பழைய முறை அது. இனி ஒருவர் மரபணுச் சோதனை செய்துகொண்டால் அவருக்குத் ‘தெரிந்துவிட்டது’ என்று பொருள். சொன்னால் பிரீமியம் உயரும் அல்லது விண்ணப்பம் நிராகரிக்கப்படும். சொல்லாமல் விட்டு மூன்று ஆண்டுகளுக்குள் இறந்தால், ‘தெரிந்தும் மறைத்தார்’ என்று சொல்லிக் குடும்பத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். மூன்று ஆண்டு கடந்த பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்னும் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு அதற்குப் பிறகுதான் துணைக்கு வரும்.

எனவே மக்கள் மூன்றாவது வழியைத் தேர்வார்கள்: சோதனையே செய்துகொள்ளாமல் இருப்பார்கள். தாய்க்கும் பாட்டிக்கும் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண், தன் மரபணுவைச் சோதித்துத் தக்க காலத்தில் கண்காணிப்பில் இருந்தால் உயிர் பிழைப்பாள். காப்பீடு போய்விடுமோ என்ற அச்சம் அவளைச் சோதனைக் கூடத்தின் வாசலிலேயே நிறுத்துகிறது. உயிரைக் காக்க வந்த அறிவை, உயிருக்குக் காப்பீடு விற்கும் தொழிலே பயன்படாமல் செய்கிறது. உற்பத்தி சக்திகளின் வளர்ச்சிக்கு லாப உறவுகள் விலங்காகும் என்ற மார்க்சியப் பாடம் இங்கே மருத்துவமனை வாசலில் மெய்ப்படுகிறது.

நிறுவனங்களின் எதிர்வாதம் ஒன்று உண்டு. ‘நோய் வரும் என்று தெரிந்தவர்கள் மட்டும் பெருந்தொகைக்குப் பாலிசி எடுப்பார்கள், நலமானவர்கள் விலகுவார்கள், காப்பீட்டு நிதியே சரிந்துவிடும்.’ கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தை அனுபவம் மறுத்திருக்கிறது. பிரிட்டனில் 2001 முதல் மரபணுச் சோதனை முடிவுகளைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு உண்டு. 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு, அதுவும் ஹன்டிங்டன் நோய் ஒன்றுக்கு மட்டுமே, முன்கணிப்புச் சோதனையின் முடிவைக் கேட்கலாம். கனடா 2017இல் சட்டமே இயற்றியது. எதிர்த்து நடந்த வழக்கில் 2020இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. ஆஸ்திரேலிய அரசு 2024 செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டில் மரபணுப் பாகுபாட்டைத் தடைசெய்வதாக அறிவித்தது. பிரிட்டனிலும் கனடாவிலும் காப்பீட்டுத் தொழில் சரிந்துவிடவில்லை.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுத்துவிட்டு, ஆயுள் காப்பீட்டை மட்டும் கவனமாக விட்டுவைத்தது. மூலதனத்தின் நெருக்குதல் எங்கே வெல்கிறது என்பதை அந்த ஓட்டை காட்டுகிறது. அதே அமெரிக்காவில் 1970களில், அரிவாள் செல் ரத்தசோகையின் தன்மையை மட்டும் கொண்ட, நோயே இல்லாத கறுப்பின மக்களிடம் கூடுதல் பிரீமியம் கேட்கப்பட்டது. அதைத் தடுக்கச் சில மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹன்டிங்டன் போன்று ஒரே மரபணு ஏறக்குறைய முடிவுசெய்துவிடும் நோய்கள் அரிதானவை. இந்தியர்களைப் பெருமளவில் கொல்லும் இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் பின்னால் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சிறுசிறு பங்கும், அவற்றைவிட வலுவாக உணவும் உழைப்பும் உறைவிடமும் வருமானமும் நிற்கின்றன. அந்தமானில் ஒரு தினக்கூலி மஸ்தூரின் ஆயுளைக் குறைப்பது எது? நெஞ்சுவலி வந்தால் தீவுகளில் அவருக்கு எட்டும் பெரிய மருத்துவமனை ஜி.பி. பந்த் ஒன்றுதான். அங்கே முடியாத சிகிச்சைக்குக் கடல் கடந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போக வேண்டும். இந்தத் தூரத்தை எந்த மரபணுச் சோதனையும் காட்டாது. காப்பீட்டு நிறுவனம் அதை மரபணுவின் கணக்கில் எழுதும்.

அட்டை கொடுக்கும் அரசு, பாதுகாப்புக் கொடுக்காத அரசு

ஒன்றிய பாஜக அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 17 மாநிலங்களில், பழங்குடிகள் வாழும் பகுதிகளில், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் அவரது மரபணு நிலையைக் காட்டும் அட்டை வழங்குவது திட்டம். இந்தியாவில் இந்த மரபுத்தன்மை முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952இல், தமிழ்நாட்டின் நீலகிரிப் பழங்குடிகளிடம். சோதனையும் சிகிச்சையும் வரவேற்கத்தக்கவை. எழுபது ஆண்டு தாமதத்துக்குப் பின் வந்தாலும் தேவையானவை. ஆனால் கோடிக்கணக்கான ஆதிவாசிகளின் கையில் மரபணு நிலையை அச்சடித்துக் கொடுக்கும் அரசு, அந்த அட்டையைக் காப்பீட்டு நிறுவனமோ முதலாளியோ கேட்கக் கூடாது என்று ஒரு வரிச் சட்டம் கூட இயற்றவில்லை.

1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்டும் கூலிகளாக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட ஓராவோன், முண்டா, காரியா மக்களின் நிலையைப் பாருங்கள். ஜார்க்கண்டில் அவர்களுடைய உறவினர்கள் பழங்குடிகள். அந்தமானில் ‘ராஞ்சி’ என்று அழைக்கப்படும் இவர்களுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடமில்லை. இடஒதுக்கீடு கேட்டால் இவர்கள் பழங்குடிகள் அல்ல. நாளை மரபணுத் தரவைக் கொண்டு இடர் கணக்கிடும் நிறுவனத்துக்கு மட்டும் இவர்களுடைய பூர்விகம் துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் 10 ஆயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து, அத்தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. இத்தகைய ஆய்வுகள் தொடர வேண்டும். ஆனால் 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் ‘மரபணுத் தரவு’ தனிப் பாதுகாப்புக்குரிய நுண்ணிய தகவலாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே காணாமற்போனது. கைப்பேசி எண்ணும் மரபணுவும் இப்போது சட்டத்தின் பார்வையில் ஒன்று. ‘ஒப்புதல்’ பெற்றால் போதும் என்கிறது சட்டம். வீட்டுக் கடனுக்காகப் பாலிசி எடுத்தே ஆக வேண்டிய ஒரு தொழிலாளியின் ஒப்புதல் எத்தகையது என்பதை உழைப்பை விற்று வாழும் ஒவ்வொருவரும் அறிவர். மேலும், மரபணு ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அண்ணன் ஒப்புதல் கொடுத்தால் தங்கையின் ரகசியமும் அதில் பாதி வெளிப்பட்டுவிடுகிறது.

இதே காலத்தில்தான் காப்பீட்டின் கதவுகள் அந்நிய மூலதனத்துக்கு அகலத் திறக்கப்பட்டன. 26 சதவீதத்தில் தொடங்கிய அந்நிய நேரடி முதலீட்டு வரம்பு 2015இல் 49 ஆனது, 2021இல் 74 ஆனது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின் மூலம் 100 சதவீதமாகிவிட்டது. 2022 மே மாதம் எல்ஐசியின் 3.5 சதவீதப் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டன. அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கமும் இடதுசாரிகளும் தொடர்ந்து எச்சரித்துவந்த பாதை இது. மரபணுத் தரவைக் கையாள்வதில் உலக அனுபவம் பெற்ற நிறுவனங்கள் முழு உரிமையோடு உள்ளே வருகின்றன. அவற்றின் கையைக் கட்டும் சட்டம் மட்டும் வரவில்லை.

வேண்டியது என்ன?

சட்டம் இயற்ற முடியாது என்பதல்ல. மனமில்லை என்பதே உண்மை. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்குக் காப்பீட்டில் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் காப்பீட்டுக் கணிப்பியல் ஆய்வின் ஆதாரம் இருந்தால் பாகுபாடு காட்டலாம் என்று அதிலேயே ஓர் ஓட்டையும் வைக்கப்பட்டது. ஹாஃப்மனிடமும் கணிப்பியல் ஆதாரம் இருந்தது என்பதை மறக்கலாகாது. மரபணுச் சட்டத்தில் அந்த ஓட்டை இருக்கக் கூடாது.

முதலாவதாக, ஆயுள், மருத்துவம், விபத்து என எந்தக் காப்பீட்டுக்கும் மரபணுச் சோதனையைக் கேட்பதும், ஏற்கெனவே செய்யப்பட்ட சோதனையின் முடிவைக் கேட்பதும், பயன்படுத்துவதும் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட வேண்டும். சோதனை முடிவைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் எந்தக் குடும்பத்துக்கும் பணம் மறுக்கப்படக் கூடாது. இரண்டாவதாக, மரபணுத் தரவுக்கும் சமூகவாரியான ஆய்வுத் தரவுக்கும் தரவுச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு வேண்டும். ஓங்கே, ஜாரவா, ஷோம்பென், நிக்கோபாரி மக்களைப் பற்றிய ஆய்வுகள் வணிகப் பயன்பாட்டுக்கு முற்றாக மூடப்பட வேண்டும். மூன்றாவதாக, அரிவாள் செல் அட்டையை மருத்துவம் தவிர வேறு எதற்கும் கேட்பது தடைசெய்யப்பட வேண்டும்.

இவை உடனடித் தேவைகள். ஆனால் தடைச் சட்டம் மட்டும் போதாது. லாபம் குறியாக இருக்கும்வரை மூலதனம் வேறொரு சன்னலைத் தேடும். ஆண்டுக்கு 436 ரூபாய்ப் பிரீமியத்தில் மருத்துவச் சோதனை ஏதுமின்றி 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு தரும் பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டம் எதை நிரூபிக்கிறது? உடலைச் சோதிக்காமலே கோடிக்கணக்கானோரைக் காப்பீட்டில் சேர்க்க முடியும் என்பதைத்தான். ஆனால் இன்றைய விலைவாசியில் 2 லட்சம் ரூபாய் ஒரு மீனவக் குடும்பத்தை எத்தனை மாதம் தாங்கும்? 50 வயதைத் தாண்டியவர் அதில் சேர முடியாது. 55 வயதோடு காப்பீடும் முடிந்துவிடும். இந்தக் கோட்பாட்டை விரிவாக்கி, போதிய தொகைக்கு, எல்லா வயதினருக்கும், பொதுத்துறை எல்ஐசியின் மூலம், அரசின் பங்களிப்போடு அனைவருக்குமான ஆயுள் காப்பீட்டைக் கொண்டுவருவதே தீர்வு. எல்லோரும் உள்ளே இருக்கும் நிதியில், நோய் தெரிந்தவர் மட்டும் நுழைந்துவிடுவார் என்ற நிறுவனங்களின் அச்சத்துக்கே இடமில்லை.

எந்த மரபணுவோடு பிறக்கிறோம் என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கும் கொடுமையைச் சாதியின் பெயரால் பல நூற்றாண்டுகள் அனுபவித்த நாடு இது. அதே கொடுமை ஆய்வுக்கூட அறிக்கையின் வடிவில், பிரீமியப் பட்டியலின் வடிவில் மீண்டும் நுழைவதை அனுமதிக்க முடியாது. தொழிற்சங்கங்களும் பழங்குடி அமைப்புகளும் மருத்துவர்களும் அறிவியலாளர்களும் ஒருசேரக் குரலெழுப்ப வேண்டிய நேரம் இது. மரபணு அறிவு உழைக்கும் மக்களின் ரத்தத்திலிருந்தும் வரிப்பணத்திலிருந்தும் பிறந்தது. அதன் பயன் அவர்களுக்கே சேர வேண்டும்.